மணிலாப் பாத்தி

ஜூலை 20 (ஆடி 4), அணைக்கட்டு

ராத்திரி பெய்த மழையில் செம்மண் பதமாகியிருக்கிறது: பிடித்தால் உருண்டை, விட்டால் உதிர்கிறது. பிள்ளைகள் மணிலா (வேர்க்கடலை) ஊன்ற நாலடி நீளத்தில் ஐந்து வரிசை போதும். அதற்கு மேல் கொடுத்தால் களையெடுக்கப் பெரியவர்கள்தான் குனிய வேண்டும். வரிசைக்கு வரிசை ஓரடி, பருப்புக்குப் பருப்பு அரைச் சாண். மொத்தம் 60 பருப்பு, ஏறக்குறைய 30 காய். உடைக்கும் வேலை அவர்களுடையது. சிவப்புத் தோல் உரிந்ததும் பிளந்ததும் சரியாக முளைக்காது, வாய்க்குப் போகட்டும். மருந்து தடவி ரோஸ் நிறத்தில் விற்கும் விதையை மட்டும் பிள்ளைகள் கையில் கொடுக்கக் கூடாது.

கூர்முனை கீழே இருக்க, இரண்டு விரற்கடை ஆழத்தில் ஊன்றணும். ஆழம் கூடினால் அழுகும், குறைந்தால் அணிலும் காக்கையும் கிளறும்.

ஐந்தாவது வரிசை பிடுங்கிப் பார்ப்பதற்கென்றே. அதைத் தராவிட்டால் நல்ல செடியில்தான் கை வைப்பார்கள்.

ஜூலை 27

முளைத்தாயிற்று. எட்டு இடம் காலி, இன்றே மறு ஊன்றல்.

ஆகஸ்ட் 5

ஓர் இலைக்கு நாலு சிற்றிலை. பொழுது சாய்ந்ததும் ஜோடி ஜோடியாகக் கூம்பிவிடும், விடிந்தால் விரியும். பார்க்க டார்ச்சோடு போகலாம், காலில் செருப்பு இல்லாமல் வேண்டாம்.

மழைக்குப் பின் சிவப்புக் கம்பளிப்புழுவின் அந்துப்பூச்சி கிளம்பும் காலம் இது. இலையடியில் முட்டைக் குவியலோ, இலை சல்லடையாகிக் குஞ்சுப்புழு கூட்டமாக இருப்பதோ தெரிந்தால் அந்த இலையைக் கிள்ளி மண்ணில் புதைக்கணும். கண்டுபிடிப்பதில் பிள்ளைகள் கண் நம்மைவிடக் கூர்மை. வளர்ந்த புழுவின் மயிர் பட்டால் அரிக்கும், அதைக் குச்சியால்தான் தள்ளணும்.

ஆகஸ்ட் 18

29ஆம் நாள், முதல் மஞ்சள் பூ. காலையில் விரிந்தது வெயில் ஏறினால் வாடிவிடுவதால் பள்ளிக்குக் கிளம்பும் முன்பே காட்டிவிட வேண்டும். கலர் நூலைப் பூவில் கட்டினால் பூவோடு விழுந்துவிடும், பூ கிளம்பிய கணுவில் கட்டணும். சில நாளில் அந்தக் கணுவிலிருந்தே ஊசிபோல விழுது கீழே இறங்கும். அதன் நுனி மண்ணுக்குள் போன பிறகுதான் காய் கட்டும்.

ஒரு செடிக்கு மட்டும் பழைய பிளாஸ்டிக் தட்டை நடுவில் வெட்டி அடியைச் சுற்றி வைத்தோம். விழுது மண்ணைத் தொடாவிட்டால் என்ன ஆகும் என்பதை வாயால் சொல்லிப் புரியவைக்க முடியாது.

ஐந்தாம் வரிசையில் ஒன்றைப் பிடுங்கினால் வேரில் முண்டு முண்டாக வேர்முடிச்சு. நகத்தால் கிள்ளினால் உள்ளே இளஞ்சிவப்பு. காற்றிலுள்ள தழைச்சத்தை (நைட்ரஜன்) பிடிக்கும் பாக்டீரியா அதற்குள் வேலை செய்கிறது.

ஆகஸ்ட் 31

42ஆம் நாள். பாத்திக்கு 75 கிராம் ஜிப்சம் (சுண்ணாம்புச் சத்துள்ள தூள்) தூவி, செடியின் அடிக்கு மண் அணைத்தாயிற்று. காய் தனக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்தைச் சுற்றியுள்ள மண்ணிலிருந்தே நேராக எடுக்கிறது. அது குறைந்தால் ஓடு பெருத்து உள்ளே பொக்காகிவிடும். இனிக் களைக்கொத்து கூடாது, கொத்தினால் விழுது அறுந்துபோகும். களையைக் கையால்தான் பிடுங்கணும்.

செப்டம்பர் 21

தட்டு வைத்த செடியில் தட்டின் மேலேயே விழுதுகள் கருகிக் கிடக்கின்றன.

நவம்பர் 2

105 நாள். நாள் கணக்கை மட்டும் நம்பக் கூடாது, ஒரு காயை உடைத்துப் பார்க்கணும். ஓட்டின் உட்புறம் வெள்ளையாக இருந்தால் பிஞ்சு, கருத்திருந்தால் முற்றியது. ஐப்பசி மழை நிற்காமல் பிடித்தால் கொத்து ரகம் (படராமல் நிமிர்ந்து வளர்வது) மண்ணுக்குள்ளேயே முளைவிடும், தள்ளிப்போடக் கூடாது. காய்ந்த மண்ணில் இழுத்தால் காய் அறுந்து உள்ளே நின்றுவிடும், லேசான ஈரத்தில் அடியோடு பிடித்து நேராகத் தூக்கணும். காய் ஆய்ந்த பிறகு மண்ணைக் கிளறித் தப்புக்காய் பொறுக்குவதுதான் பிள்ளைகளுக்குப் பிடித்த வேலை, பொறுக்கியது பொறுக்கியவருக்கே.

குலுக்கினால் கலகலவென்று கேட்கும்வரை காயவைக்கணும். பூஞ்சணம் பிடித்ததையும் கசப்பதையும் தின்ன விடக் கூடாது. அடுத்த ஆடிக்கு 40 நல்ல காய், ஓட்டோடு, துணிப்பையில்.