சி மேஜர்தான் சுலபமா?

பியானோவைத் தானாகக் கற்றுக்கொள்பவர்கள் பெரும்பாலும் சி மேஜர் ஸ்கேலில்தான் (சி-யில் தொடங்கி வரிசையாக ஏறும் சுரங்கள்) தொடங்குகிறோம். கருப்புக் கட்டையே வராது, நினைவில் வைப்பதும் எளிது. ஆனால் பியானோ இசையமைப்பாளர் ஷோபின் தன் மாணவர்களுக்கு முதலில் கொடுத்தது, ஐந்து கருப்புக் கட்டைகள் வரும் பி மேஜர். சி மேஜரைச் சீராக வாசிப்பதுதான் கடினம் என்று அதைக் கடைசிக்குத் தள்ளிவிட்டார்!

பி மேஜரில் கையை வைத்துப் பார்த்தால் காரணம் புரிகிறது. நடுவில் உள்ள நீளமான மூன்று விரல்களும் உயர்ந்து நிற்கும் கருப்புக் கட்டைகளில் அமர்ந்துகொள்ள, குட்டையான பெருவிரலுக்கு வெள்ளைக் கட்டை. அது அடியில் நுழைந்து போகவும் தாராளமாக இடம் இருக்கிறது. சி மேஜரில் எல்லாம் ஒரே மட்டம். வலது கையில் மூன்றாம் விரலுக்கு (நடுவிரலுக்கு) அடியில் பெருவிரல் நுழைந்து வாசிக்கும் அந்த எஃப் சுரம் மட்டும் 'டொக்' என்று தனியாகக் கேட்கும்.

அப்புறம் மோதிர விரல். அதன் தசைநாண் பக்கத்து விரல்களின் தசைநாண்களோடு இணைந்திருப்பதால் தனியாக உயர்த்த வராது. அதை வலுக்கட்டாயமாகத் தூக்கச் சொல்லும் பயிற்சிகளில் எனக்கு நம்பிக்கை இல்லை. மணிக்கட்டைக் கொஞ்சம் அந்தப் பக்கம் நகர்த்தினால் கையின் எடையே வேலையைப் பார்த்துக்கொள்கிறது. வலித்தால் நிறுத்திவிட வேண்டும், அதில் பேச்சே இல்லை.

சரி, இப்போது இடது கைக்கு வந்திருக்கிறேன். அங்கே பி மேஜர் நான்காம் விரலில், அதாவது அதே மோதிர விரலில், தொடங்குவதே தனிக் கூத்து. தாளம் தட்டும் மெட்ரோனோம் கருவியை நிமிடத்துக்கு 60 தட்டுக்கு மேல் ஏற்றும் எண்ணம் இப்போதைக்கு இல்லை.