ஏழாம் வகுப்புக் கணக்கின் சிக்கல் நான்காம் வகுப்பில் இருக்கிறது

ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளில் கணக்கில் தடுமாறுபவர்களுக்கென நடத்தப்படும் துணை வகுப்புகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் அமைகின்றன: பொது வகுப்பில் நடந்த பாடமே மறுபடியும், சற்று மெதுவாக, சற்று உரத்த குரலில், இன்னும் கூடுதலான பயிற்சிக் கணக்குகளோடு நடக்கிறது. இத்தகைய வகுப்புகளைச் சில ஆண்டுகளாக எடுத்து வரும் எனக்கு இந்த ஏற்பாட்டில் நம்பிக்கை இல்லை. விகிதக் கணக்கு வரவில்லை என்று அனுப்பப்படும் ஏழாம் வகுப்பு மாணவியிடம் சற்றுப் பேசிப் பார்த்தால், தொடக்கப் பள்ளியில் அறிமுகமான பின்னமே அவள் மனத்தில் இன்னும் ஓர் எண்ணாகப் பதியவில்லை என்பது தெரிய வரும். அதைச் சரிசெய்யாமல் விகிதத்தை எத்தனை முறை நடத்தினாலும், அவள் படிகளை மனப்பாடம் செய்து, தேர்வு முடிந்ததும் மறந்துவிடுவாள்.

அரையோடு மூன்றில் ஒன்றைக் கூட்டச் சொன்னால், மேலிருப்பதை மேலிருப்பதோடும் கீழிருப்பதைக் கீழிருப்பதோடும் கூட்டி 2/5 என்று எழுதும் பிள்ளைகள் ஒவ்வோர் ஆண்டும் இருக்கிறார்கள். தவறு என்று சிவப்பு மையால் அடித்துவிட்டுப் பொதுப் பகுதி காணும் முறையை மீண்டும் சொல்வது எளிது. நான் அவ்வாறு செய்வதில்லை. 0 முதல் 1 வரை ஓர் எண்கோடு வரைந்து, அதில் 1/2 எங்கே, 2/5 எங்கே என்று குறிக்கச் சொல்வேன். 2/5 அரைக்கு இடப்பக்கத்தில் விழும். அரையோடு இன்னொரு பின்னத்தையும் கூட்டிய பிறகு விடை எப்படி அரையைவிடக் குறைந்தது என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை வாய் திறக்காமல் இருப்பதுதான் ஆசிரியருக்குக் கடினமான வேலை. தொகுதியும் பகுதியும் தனித்தனி எண்கள் அல்ல, இரண்டும் சேர்ந்து கோட்டின் மீது ஒரே ஓர் இடத்தைக் காட்டுகின்றன என்பது பல பிள்ளைகளுக்கு அப்போதுதான் முதன்முறையாகப் புலப்படுகிறது.

இது ஏதோ ஒரு சில பிள்ளைகளின் குறை அன்று. அமெரிக்காவில் 1978-இல் நடந்த தேசிய அளவிலான மதிப்பீட்டில், 12/13, 7/8 ஆகிய இரண்டையும் கூட்டினால் தோராயமாக எவ்வளவு வரும் என்று 13 வயது மாணவர்களிடம் கேட்டு, 1, 2, 19, 21 என்று விடைகளும் கொடுத்திருந்தார்கள். இரண்டு பின்னங்களுமே ஏறத்தாழ 1 என்பதால் விடை 2. அதைத் தேர்ந்தெடுத்தவர்கள் 24 விழுக்காட்டினர். பாதிக்கும் மேற்பட்டோர் 19 அல்லது 21 என்றார்கள்.

ஆகவே, பாடம் தொடங்கும் முன் பிழைகளைப் படிக்க வேண்டும். 0.8-ஐவிட 0.35 பெரியது என்று சொல்லும் பிள்ளை கவனக்குறைவால் அப்படிச் சொல்லவில்லை; 8-ஐவிட 35 பெரியது என்ற, முழு எண்களுக்குப் பொருந்தும் விதியைப் பிசகாமல் பின்பற்றுகிறது. 52-இலிருந்து 27-ஐக் கழித்து 35 என்று எழுதும் பிள்ளை, ஒவ்வோர் இடத்திலும் பெரியதிலிருந்து சிறியதைக் கழிக்கிறது. 8 + 4 = □ + 5 என்ற கணக்கில் கட்டத்துக்குள் 12 என்று எழுதுபவருக்குச் சமக்குறி என்பது ‘விடையை இங்கே எழுது’ என்னும் கட்டளை மட்டுமே; இரு பக்கமும் ஒரே அளவு என்ற எண்ணம் இல்லாமல் எட்டாம் வகுப்புச் சமன்பாடுகளுக்குள் அவர் நுழைய முடியாது. இவ்வாறான பத்துக் கேள்விகள் கொண்ட ஒரு தாள், மதிப்பெண் பட்டியலைவிட அதிகம் சொல்லும்.

கையால் தொட்டுப் பார்ப்பது, பிறகு படமாக வரைவது, அதன் பிறகே குறியீட்டுக்கு வருவது என்ற வரிசை பலரும் அறிந்ததுதான். ஆனால் 13 வயதுப் பிள்ளையின் முன் வண்ண மணிகளைக் கொட்டினால், தன்னைச் சிறு குழந்தையாக நினைக்கிறார்கள் என்று அதன் முகம் சுருங்கிவிடும். மடிக்கக்கூடிய காகிதப் பட்டைகளும் கட்டமிட்ட தாளும் எண்கோடும் அந்த வயதுக்குப் போதும்.

வாய்ப்பாடு பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஏழெட்டு எவ்வளவு என்று ஒவ்வொரு முறையும் விரல் விட்டு எண்ணும் மாணவனுக்கு, கணக்கின் போக்கைப் பின்தொடர மனத்தில் இடம் மிஞ்சுவதில்லை. எனவே வகுப்பின் முதல் பத்து நிமிடத்தை அதற்கே ஒதுக்குகிறேன். ஆனால் கடிகாரத்தை வைத்து விரட்டுவதில்லை. மறந்தால் ஐயெட்டு 40, ஈரெட்டு 16, ஆக 56 என்று கண்டுபிடிக்கும் வழியைப் பழக்குகிறேன்.

சொற்கணக்குகளில் ‘அதிகம்’ என்று வந்தால் கூட்டு, ‘மீதி’ என்று வந்தால் கழி என்று சொல்லித்தரும் வழக்கத்தை நான் முழுவதுமாக எதிர்க்கிறேன். முதல் பெட்டியில் 12 பந்துகள் உள்ளன, அது இரண்டாவது பெட்டியில் இருப்பதைவிட 5 அதிகம், இரண்டாவதில் எத்தனை என்று கேட்டுப் பாருங்கள். சொல்லைப் பிடித்துக்கொண்ட பிள்ளை 17 என்னும். இரண்டு பட்டைகளை வரைந்து எது நீளம் என்று பார்த்த பிள்ளை 7 என்னும்.

இவ்வளவும் நடக்க, ஒரு குழுவில் நாலைந்து பேருக்கு மேல் இருக்கக் கூடாது; விளையாட்டு வேளையைப் பிடுங்கி இந்த வகுப்பை வைக்கவும் கூடாது. பொது வகுப்பு ஆசிரியரிடம் அடுத்த வாரம் என்ன பாடம் என்று கேட்டு, அதற்குத் தேவையான பழைய பகுதியை முந்திய வாரமே துணை வகுப்பில் எடுத்துவிட்டால், பொது வகுப்பில் ஒரு கேள்விக்காவது அந்தப் பிள்ளை கை தூக்கும். துணை வகுப்பிலிருந்து யாரை எப்போது விடுவிப்பது என்பதற்கு நான் மதிப்பெண்ணை மட்டும் பார்ப்பதில்லை. கணக்கைப் போடும் முன்னரே விடை ஏறத்தாழ எவ்வளவு இருக்கும் என்று மாணவர் தாமாகச் சொல்லத் தொடங்கினால் அனுப்பிவிடுகிறேன். சில வாரங்கள் கழித்து அதே பத்துக் கேள்விகளை எண்களை மாற்றிக் கொடுத்துப் பார்த்து, எந்த இடம் மீண்டும் நழுவியிருக்கிறதோ அதற்கு மட்டும் திரும்ப அழைத்துக்கொள்கிறேன்.