பெரியப்பாவின் திஸ்கி கோப்புகள்: இதுவரை 17

பினாங்குத் தண்ணீர்மலைத் தைப்பூசத்தைப் பற்றிப் பெரியப்பா 2002, 2003இல் எழுதிய கட்டுரைகள் பட்டர்வொர்த் வீட்டில் ஒரு குறுவட்டில் கிடைத்தன. மொத்தம் 19 கோப்புகள். என் மடிக்கணினியில் ஓடுவது ஃபெடோரா லினக்ஸ். திறந்தால் தலையில் புள்ளியும் கோடும் வைத்த ஐரோப்பிய எழுத்துகள்தான் வரிசையாக வந்தன.

அவர் அப்போது முரசு அஞ்சல் என்ற தமிழ் மென்பொருளில் தட்டச்சு செய்தவர் என்பதால், யூனிகோடு பரவுமுன் புழங்கிய திஸ்கி என்ற தமிழ்க் குறியாக்கமாக (எழுத்துகளை எண்களாகச் சேமிக்கும் முறை) இருக்கும் என்று ஊகித்தேன். அதற்கான எழுத்துருவைப் போட்டால் வாசிக்கலாம்தான். ஆனால் ஒரு சொல்லைத் தேட முடியாது, கைப்பேசிக்கு அனுப்ப முடியாது. யூனிகோடுக்கு மாற்றியே ஆக வேண்டும்.

சரி என்று, குறியாக்கத்தை மாற்றித் தரும் ஐகான்வ் கட்டளையைக் கொடுத்தேன். திஸ்கியிலிருந்து மாற்றும் வசதி இல்லை என்று மறுத்துவிட்டது. தமிழ் லோகேல் (மொழி, வட்டார அமைப்பு) இல்லாததுதான் காரணம் என்று நினைத்துத் தமிழ் மொழிப் பொதியை நிறுவினேன். அதிலேயே ஒரு மாலைப்பொழுது போனது. லோகேலுக்கும் இதற்கும் தொடர்பே இல்லை.

அப்புறம்தான் ஐகான்வுக்கான மாற்றிகள் இருக்கும் ஜிகான்வ் அடைவைப் பார்த்தேன். ஒவ்வொரு குறியாக்கத்துக்கும் அங்கே ஒரு சிறு கோப்பு இருக்க வேண்டும். என்னிடம் விரல்விட்டு எண்ணும் அளவே இருந்தன, திஸ்கி இல்லை. இன்று எங்கும் புழங்கும் யூனிகோடு வடிவமான யூடிஎஃப்-8, லினக்ஸின் அடிப்படை நிரலகமான ஜிலிப்ஸிக்குள்ளேயே இருப்பதால், அன்றாட வேலையில் இந்தக் குறை கண்ணில் படாது. மற்ற பெரும்பாலான குறியாக்கங்களை ஜிலிப்ஸி-ஜிகான்வ்-எக்ஸ்ட்ரா என்று தனிப் பொதியாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். இடத்தை மிச்சம் பிடிக்க நான் மிகக் குறைந்த பொதிகளோடு நிறுவியதில் அது விடுபட்டிருந்தது. ஃபெடோராவின் பொதி நிறுவியான டிஎன்எஃப் கொண்டு நிறுவினேன், அதே கட்டளை உடனே வேலை செய்தது.

முதலில் தேடிப் பார்த்த சொல் 'கோயில்'. திஸ்கியில் எழுத்துகள் கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே சேமிக்கப்படும். 'கோ' என்றால் முதலில் கொம்பு, அடுத்து க, கடைசியில் கால் என மூன்று துண்டுகள். யூனிகோடிலோ க முதலில் வர வேண்டும், கொம்பும் காலும் ஒரே குறியாகிப் பின்னால் சேர வேண்டும். வெறுமனே எழுத்துக்கு எழுத்து மாற்றினால் எல்லாம் குலைந்துவிடும். ஐகான்வ் அதையெல்லாம் சரியாக அடுக்கித் தந்தது. எவ்வளவு நேர்த்தியான வேலை!

17 கோப்புகள் சுத்தமாக வந்துவிட்டன. மீதி இரண்டில் பிழைச் செய்தி எதுவும் இல்லை, தமிழ் எழுத்துகளும் தெரிகின்றன, ஆனால் ஒரு சொல்லும் பொருள் தரவில்லை. அவை வேறு ஏதோ பழைய குறியாக்கத்தில் இருக்க வேண்டும். ஜிலிப்ஸியில் டேப், பாமினி போன்றவை கிடையாது. அவற்றை மாற்றும் வசதி ஓப்பன்-தமிழ் பைத்தான் நிரலகத்தில் இருக்கிறது, அடுத்து அதை முயலப் போகிறேன்.

நேற்றுப் பெரியப்பா தொலைபேசியில் கேட்டார்: "வெள்ளி ரதம் வர்ற வழியில நாங்க தண்ணீர்ப்பந்தல் போட்டத எழுதியிருந்தேனே, அது வந்துடுச்சாப்பா?"

அது அந்த இரண்டில் ஒன்று.