மூன்று நோய்க்கு ஒரே ஊசி, ஆனால் கெடு வேறு

மாடு, எருமைக்கு வரும் கோமாரி, தொண்டை அடைப்பான், சப்பை நோய் மூன்றுக்கும் சேர்த்துப் போடும் கூட்டுத் தடுப்பூசி நீலகிரிக்கு நன்றாகப் பொருந்தும். சரிவில் மேயும் மாட்டை ஓட்டிவந்து கட்டுவதே பெரிய வேலை. ஆனால் ஊசி ஒன்றானாலும் கெடு ஒன்றல்ல. தொண்டை அடைப்பானுக்கும் சப்பை நோய்க்கும் வருடம் ஒருமுறை, மழைக்கு முன் போட வேண்டும். கோமாரிக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை. ஆகவே மழைக்கு முன் கூட்டு ஊசி, அதிலிருந்து ஆறு மாதம் கழித்து கோமாரி மட்டும்.

2019-இல் தொடங்கிய தேசியக் கால்நடை நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை இலவசமாகப் போடுவது கோமாரி ஊசி. அதோடு 'எல்லா ஊசியும் போட்டாச்சு' என்று மாடு வளர்ப்பவர்கள் இருந்துவிடுகிறார்கள், இதுதான் பெரிய கவலை. சப்பை நோய் தாக்குவது பெரும்பாலும் ஆறு மாதத்திலிருந்து இரண்டு வயது வரை நன்றாகத் தேறிய கன்றுகளை. தொண்டை அடைப்பான் எருமையை ஒரே நாளில்கூடச் சாய்த்துவிடும். முகாமில் என்ன ஊசி என்று கேட்டுத் தேதியோடு எழுதி வையுங்கள்.

எதிர்ப்புச் சக்தி உருவாக இரண்டு மூன்று வாரம் ஆகும். கூடலூர், பந்தலூரில் மே முதல் வாரத்துக்குள் முடித்துவிடுவது நல்லது. வடகிழக்கு மழையும் பிடிக்கும் கோத்தகிரிப் பக்கம் செப்டம்பரைத் தாண்டி கோமாரி ஊசியைத் தள்ளாதீர்கள். கன்றுக்கு நான்கு மாதத்தில் முதல் ஊசி. அதற்கு முன் போட்டால் சீம்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தியே மருந்தை வேலை செய்யவிடாது. கோமாரிக்கு ஒரு மாதம் கழித்து ஊக்க ஊசியும் (பூஸ்டர்) வேண்டும்.

மருந்து 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். ஊட்டிக் குளிரே போதும் என்று ஜன்னலோரம் வைக்கக் கூடாது. பகல் வெயில் 8 டிகிரியைத் தாண்டும், உறைபனி இரவில் மருந்து உறையும். உறைந்தது உருகினாலும் எண்ணெய்க் கலவை பிரிந்துபோயிருக்கும், கொட்டிவிட வேண்டியதுதான். ஐஸ் பெட்டியிலும் பாட்டில் ஐஸில் நேரே படாமல் காகிதம் சுற்றி வையுங்கள்.

அளவு லேபிளில் உள்ளபடி, பெரும்பாலும் 3 மில்லி, தசையில் ஆழமாக. மெதுவாகக் குலுக்கி எடுக்க வேண்டும். மாட்டுக்கு மாடு ஊசி முனையை மாற்ற வேண்டும். திறந்த பாட்டிலை அன்றே தீர்க்க வேண்டும். காய்ச்சல் உள்ள மாட்டுக்குத் தள்ளிப்போடுங்கள். ஊசி போட்ட இடத்தில் வீக்கமும் சில நாள் பால் குறைவும் வரலாம், பயமில்லை. மூச்சுத் திணறினால் தாமதிக்கக் கூடாது. ஊசி போட்டபின் அரைமணி நேரமாவது டாக்டர், ஒவ்வாமையை முறிக்கும் அட்ரினலின் மருந்தோடு பக்கத்தில் இருக்கட்டும்.

கருச்சிதைவு நோய்த் (புருசெல்லோசிஸ்) தடுப்பூசி தனி. உயிருள்ள கிருமி, 4 முதல் 8 மாதக் கிடேரிக் கன்றுக்கு ஒரே முறை. போடுபவர் கையில் குத்தினால் அவருக்கே நோய் வரலாம், கையுறை இல்லாமல் தொடக் கூடாது.