மூன்று கூட்டத்தொடர், ஒரு கேள்வி

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எம்.பி. மூலம் நாடாளுமன்றத்தில் ஒரு கேள்வி கேட்க வேண்டுமென்றால், கூட்டத்தொடர் தேதி பார்க்காமல் அவர் அலுவலகத்துக்குப் போகாதீர்கள். நான் போனேன், ஒரு நாள் விடுப்பும் நான்கு மாதமும் வீணானது.

எங்கள் கல்லூரியில் உதவித்தொகைப் பொறுப்பு என்னிடம். பட்டியலின மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் (பத்தாம் வகுப்புக்கு மேல் படிப்பவர்களுக்கான) உதவித்தொகையில் பதினான்கு பேருக்கு மாநிலப் பங்கு 40 சதவீதம் ஏறிவிட்டது. மத்தியப் பங்கு 60 சதவீதம் ஒரு வருடமாக ஏறவில்லை. மாவட்ட அலுவலகத்தில் கேட்டால், "டெல்லியில நிக்குது சார்" என்பார்கள். டெல்லிக்கு எழுதினால், மாநிலம் விவரம் அனுப்பவில்லை என்று பதில் வரும். தகவல் உரிமை மனுவை ஒரு அலுவலகம் இன்னொன்றுக்கு மாற்றியது, அது திருப்பி இதற்கே மாற்றியது. மூன்றாம் ஆண்டு மாணவி ஒருத்தி விடுதிக் கட்டணம் கட்ட வழியில்லாமல் அறையைக் காலி செய்துவிட்டு, தினமும் இரண்டு பஸ் மாறி வந்துகொண்டிருந்தாள். பாஸ்புக்கை என் மேஜையில் விரித்து, கடைசி வரிக்குக் கீழே வெறும் இடத்தில் விரலை வைத்து, "இதுக்கு அப்புறம் ஒண்ணுமே வரல சார்" என்றாள். அன்று மாலைதான் எம்.பி.யைப் பார்ப்பது என்று முடிவு செய்தேன்.

நான் போனது ஏப்ரல் முதல் வாரம். பட்ஜெட் கூட்டத்தொடர் முடிய மூன்று நாள் இருந்தது. அலுவலகத்தில் இருந்த உதவியாளர், சின்னப் பையன்தான், நாற்காலி எடுத்துப் போட்டு உட்கார வைத்துவிட்டு, "சார், கேள்வி கொடுக்கணும்னா முழுசா 15 நாள் முன்னாடி நோட்டீஸ் போகணும். இனிமே மழைக்காலக் கூட்டத்தொடர்தான்" என்றார். அதாவது ஜூலை. அந்தப் பெண்ணிடம் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே திரும்பினேன்.

சரி, அந்த நான்கு மாதத்தில் ஒரு உருப்படியான வேலை நடந்தது. நாடாளுமன்ற இணையதளத்தில் பழைய கேள்வி பதில்களெல்லாம் இருக்கின்றன. இதே திட்டம் பற்றி மற்ற எம்.பி.க்கள் கேட்டதை ஒவ்வொன்றாகப் படித்தேன். ஏற்கெனவே பதில் வந்த கேள்வியையே திரும்பக் கேட்டால் செயலகம் ஏற்காது. அதனால் இதைச் செய்யாமல் எழுத உட்காரவே கூடாது.

ஜூன் மாதக் கடைசியில் ஒன்றரைப் பக்கம் எழுதிக்கொண்டு போனேன். மாணவர்களின் கஷ்டம், அதிகாரிகளின் அலட்சியம், இதற்கு யார் பொறுப்பு, எல்லாம் அதில் இருந்தது. உதவியாளர் படித்துவிட்டு, சிவப்புப் பேனாவை எடுத்தார். கேள்வி 150 சொல்லுக்குள் இருக்க வேண்டும். வாதம் கூடாது, குற்றச்சாட்டு கூடாது, அமைச்சரின் கருத்தைக் கேட்கக் கூடாது. முக்கியமாக, விஷயம் மத்திய அரசின் பொறுப்பில் வருவதாக இருக்க வேண்டும். "மாணவர்களுக்குப் பணம் ஏன் வரவில்லை" என்று கேட்டால், நடைமுறைப்படுத்துவது மாநிலம் என்று சொல்லித் தள்ளிவிடுவார்களாம். 2020 டிசம்பரில் மத்திய அமைச்சரவை இந்தத் திட்டத்தை 60:40 என்று மாற்றி, ஐந்து ஆண்டுக்கு மொத்தம் 59,048 கோடி ரூபாய், அதில் மத்திய அரசின் பங்கு 35,534 கோடி என்று அறிவித்தது. "இந்தப் பங்கைப் பிடிச்சுக்குங்க சார், இதை மட்டும் கேளுங்க" என்றார். அந்தத் தம்பிக்கு நான் மிகவும் கடன்பட்டிருக்கிறேன்.

அடுத்த தடங்கல் ஓடிபி. கேள்வி எம்.பி.யின் இணையதளக் கணக்கிலிருந்து போக வேண்டும், எண் அவர் கைபேசிக்கு வரும். கடவுச்சொல்லை வெளியாளுக்குக் கொடுத்த விவகாரத்தில் 2023 டிசம்பரில் ஒரு உறுப்பினர் மக்களவையிலிருந்து வெளியேற்றப்பட்டார் அல்லவா, அதன் பிறகு இதில் யாரும் விளையாடுவதில்லை, அது நல்லதும்தான். கடைசி நாள் பார்த்துக் கொடுக்கலாம் என்று இருந்தோம். அன்று எம்.பி. விமானத்தில். கைபேசி உயிர் பெற்றபோது நேரம் முடிந்திருந்தது. ஒவ்வொரு அமைச்சகத்துக்கும் வாரத்தில் ஒரு நாள்தான் என்பதால் இன்னொரு வாரம் தள்ளிப்போனது. கடைசி நாளுக்கு மூன்று நாள் முன்பே அனுப்பிவிடுங்கள், நான் சொல்வதைக் கேளுங்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். என் நண்பர் ஒருவர், "செலவுக்கு ஏதாவது கொடுத்துப் பாருங்க" என்றார். அந்த நினைப்பே வரக் கூடாது. கேள்வி கேட்கப் பணம் வாங்கியதற்காக 2005 டிசம்பரில் பதினோரு எம்.பி.க்கள் பதவி இழந்தார்கள். கேள்வி நேரம் என்பது நமக்கு இருக்கும் பெரிய உரிமை. 1957-ல் ஆயுள் காப்பீட்டுக் கழகத்தின் பணம் தொழிலதிபர் முந்த்ராவின் நிறுவனப் பங்குகளில் போனதை மக்களவையில் எம்.பி. பெரோஸ் காந்தி கிளப்பினார். விசாரணை வந்தது, 1958-ல் நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார். வகுப்பில் இதை எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். கொரோனாவைக் காட்டி 2020 செப்டம்பரில் கேள்வி நேரத்தையே எடுத்தபோது எனக்கு வந்த கோபம் இன்னும் தணியவில்லை.

நட்சத்திரக் குறியிட்ட கேள்வியாகக் கேட்டிருந்தோம். அமைச்சர் எழுந்து பதில் சொல்வார், துணைக் கேள்வி போட்டு மடக்கலாம் என்று ஆசை. ஒரு நாளைக்கு அப்படி 20 கேள்விதான், அதுவும் குலுக்கலில். எங்களுக்கு விழவில்லை. எழுத்துமூலப் பதில் வரும் 230 கேள்விகளில் ஒன்றாகப் போனது.

பதில் வந்த நாள் வகுப்பு முடிந்து ஓடி வந்து திறந்தேன். நான்கு பிரிவாகக் கேட்டிருந்தோம். பதில் "(அ) முதல் (ஈ) வரை" என்று ஒரே மூச்சாகத் தொடங்கியது. திட்டம் எப்போது வந்தது, நோக்கம் என்ன, யார் தகுதியானவர், மாநில வாரியாக ஆண்டுத் தொகை எவ்வளவு. இரண்டு பக்கம் இருந்தது, நாங்கள் கேட்டது மட்டும் அதில் இல்லை. மத்தியப் பங்கு ஏன் தாமதம் என்ற பிரிவு நடுவில் எங்கோ கரைந்து போயிருந்தது. அன்று இரவு தூக்கம் வரவில்லை.

மறுநாள் உதவியாளரும் நானும் போனில் அரை மணி நேரம் பேசினோம். தப்பு எங்கே என்று அப்போதுதான் புரிந்தது. டெல்லியில் மேஜையில் இருக்கும் கோப்பை வைத்தே பதில் எழுத முடிகிற கேள்வியை நாங்கள் கொடுத்திருந்தோம். ஆண்டுத் தொகை, நோக்கம், தகுதி எல்லாம் அவர்களிடம் தயாராக இருக்கிறது. பதில் எழுத அவர்கள் யாரையாவது கேட்டே ஆக வேண்டும் என்கிற மாதிரி ஒரு கேள்வி வேண்டும்.

குளிர்காலக் கூட்டத்தொடருக்கு வெறும் மூன்று பிரிவு எழுதினோம். குறிப்பிட்ட கல்வியாண்டில் தமிழகம் தன் பங்கை விடுவித்த விவரத்தை மத்திய அமைச்சகம் பெற்ற தேதி எது? அந்தப் பட்டியலில் மத்தியப் பங்கு செலுத்தப்படாமல் நிற்கும் மாணவர் எண்ணிக்கை மாவட்ட வாரியாக எவ்வளவு? நிலுவை எந்தத் தேதிக்குள் செலுத்தப்படும்? ஏன், எப்படி என்ற சொல்லே எங்கும் இல்லை. தேதியும் எண்ணும் மட்டும். நான்கு நாள் முன்பே அனுப்பினோம்.

பதில் நாளுக்கு ஒரு வாரம் இருந்தது. காலை பத்தரை மணி, வகுப்பில் இருந்தேன், போன் விடாமல் அடித்தது. மாவட்ட அலுவலகத்திலிருந்து. எத்தனையோ முறை என்னை நிற்க வைத்து, "ஃபைல் இங்க இல்ல சார்" என்று நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொன்ன அதே எழுத்தர்.

"சார், உங்க காலேஜ்ல பெண்டிங் லிஸ்ட் எவ்வளவு? இன்னைக்கு சாயங்காலத்துக்குள்ள வேணும். நாடாளுமன்றக் கேள்வி வந்திருக்கு, சென்னையிலிருந்து விடாம கேக்குறாங்க."

நான் ஒன்றும் சொல்லவில்லை. அது யார் கேட்ட கேள்வி என்று அவருக்குத் தெரியாது. மேஜை இழுப்பறையில் பட்டியல் தயாராக இருந்தது, ஒரு மணி நேரத்தில் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் கணினியில் பதினான்கு பெயரையும் முதல்முறையாக ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்து பார்த்தார். ஒன்பது பேருக்கு வங்கிக் கணக்கோடு ஆதார் இணைப்பு தவறியிருந்தது. நான்கு பேரின் பெயரில் இனிஷியல் சாதிச் சான்றிதழில் ஒரு மாதிரி, விண்ணப்பத்தில் வேறு மாதிரி. ஒருவர் மாத்திரம் டெல்லியில் நின்றிருந்தார். ஒரு வருடமாக "டெல்லி, டெல்லி" என்று சொன்ன கோப்பில் பதின்மூன்று டெல்லிக்குப் போகாமல் இங்கேயே சரிசெய்யக்கூடியவை. எனக்குக் கை நடுங்கியது. சந்தோஷமா ஆத்திரமா என்று இன்றுவரை தெரியவில்லை.

டெல்லியிலிருந்து வந்த பதிலில் முதல் பிரிவுக்குத் தேதி இருந்தது. இரண்டாவதுக்கு, "தகவல் சேகரிக்கப்பட்டு வருகிறது, அவையின் முன் வைக்கப்படும்" என்று இருந்தது. இந்த வரியைப் பார்த்துச் சோர்ந்துவிடாதீர்கள். இது அரசு அவைக்குத் தந்த உறுதிமொழிக் கணக்கில் சேரும். மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும், அரசு உறுதிமொழிகள் குழு அதைக் கண்காணிக்கும். வழவழ என்ற இரண்டு பக்கத்தைவிட இந்த ஒரு வரி எனக்குப் பெரிது.

ஆதார் இணைப்பைச் சரிசெய்த ஒன்பது பேருக்கும் பணம் ஏறிவிட்டது. பாஸ்புக் காட்டிய அந்தப் பெண் அவர்களில் ஒருத்தி. மறுபடி விடுதிக்கு வந்துவிட்டாள், போன செவ்வாய்க்கிழமை பாஸ்புக்கைக் கொண்டுவந்து புதிய வரியைக் காட்டிவிட்டுப் போனாள். இனிஷியல் தகராறில் நான்கு பேர் இன்னும் தாலுகா அலுவலகத்துக்கு நடக்கிறார்கள். டெல்லியில் நிற்கும் அந்த ஒருவர் பெயரைத் தனித்தாளில் எழுதி உதவியாளரிடம் கொடுத்திருக்கிறேன். மூன்று மாதம் மார்ச்சில் முடிகிறது. தம்பி நாள்காட்டியில் வட்டம் போட்டு வைத்திருக்கிறார்.