தாமரை அல்லிக் குடும்பத்தைச் சேர்ந்ததன்று

தாமரையையும் அல்லியையும் ஒரே குடும்பத்தில் சேர்த்த பழைய தாவரவியலாளர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இரண்டுமே சேற்றுக்குள் மட்டநிலத்தண்டை ஓடவிட்டு, நீண்ட காம்புகளில் வட்ட இலைகளை மேலே அனுப்பி, அடுக்கடுக்கான இதழ்களோடு பூப்பவை. தாவரங்களுக்கு அறிவியல் பெயரிடும் முறையை வகுத்த லின்னேயஸ் 1753-இல் தாமரையை அல்லியின் பேரினமான நிம்ஃபியாவிலேயே வைத்தார். பிரெஞ்சுத் தாவரவியலாளர் அடன்சன் 1763-இல் நெலும்போ என்னும் தனிப் பேரினத்தை வகுத்த பிறகும், அது அல்லிக் குடும்பத்தின் ஓர் உறுப்பாகவே பல நூல்களில் நெடுங்காலம் நீடித்தது.

ஆனால் வேறுபாடுகள் சிறியவை அல்ல. அல்லி இலையில் விளிம்பிலிருந்து காம்பு சேரும் இடம் வரை ஒரு பிளவு உண்டு. தாமரை இலையிலோ பிளவேதும் இல்லை, காம்பு நடுவில் வந்து சேர்கிறது. அல்லியின் சூலக இலைகள் (பூவில் விதை உருவாகும் பகுதிகள்) ஒன்றாக இணைந்து, நீருக்கடியில் முதிரும் ஒரே கனியாகின்றன. தாமரையில் அவை தனித்தனியாக, தலைகீழாக நிறுத்திய கூம்பைப் போன்ற பூத்தளத்தின் குழிகளுக்குள் புதைந்து, ஒவ்வொன்றும் ஒரே விதையைத் தாங்குகின்றன.

இவற்றையெல்லாம் விட வலுவான சான்று மகரந்தத்தூளில் இருந்தது என்பேன். தாமரையின் மகரந்தத்தூளில் மூன்று பள்ளங்கள் உள்ளன. இது உண்மை இருவித்திலைத் தாவரங்கள் (eudicots) என்னும் பெரும் பிரிவின் அடையாளம். அல்லியின் மகரந்தத்தில் அந்த அமைப்பு இல்லை. பூக்கும் தாவரங்களின் பரிணாம மரத்தில், அம்போரெல்லா என்னும் புதர்ச்செடிக்கு அடுத்து மிகத் தொடக்கத்திலேயே பிரிந்த கிளை அல்லியினுடையது.

1990-களின் டிஎன்ஏ ஆய்வுகள் தாமரையைப் புரோட்டியேல்ஸ் வரிசைக்குக் கொண்டு சென்றன. 1998-இல் வெளியான, பூக்கும் தாவரங்களுக்கான ஏபிஜி (APG) வகைப்பாடும் அதையே ஏற்றது. அதன்படி தாமரையின் நெருங்கிய உறவுகள் பிளாட்டனஸ், சில்வர் ஓக், மக்கடேமியா போன்ற நிலத்து மரங்கள்! அந்த வரிசைக்குப் பொதுவான புற அடையாளம் ஒன்றைக் காட்டச் சொன்னால் வகைப்பாட்டியலாளர்களே திணறுவார்கள். இவற்றின் பொது மூதாதை பத்துக் கோடி ஆண்டுகளுக்கும் முந்தையது, இடையில் இருந்த இனங்கள் பெரும்பாலும் அழிந்துவிட்டன.

தாமரையின் தனிக் குடும்பமான நெலும்போனேசியேயில் இன்று எஞ்சியிருப்பது இந்த ஒரே பேரினம்தான். அதில் ஆசியாவிலும் ஆஸ்திரேலியாவிலும் வளரும் நெலும்போ நூசிஃபெரா, அமெரிக்கக் கண்டத்தின் மஞ்சள் தாமரையான நெலும்போ லூட்டியா என்று இரண்டு சிற்றினங்கள் உள்ளன. இரண்டும் எளிதில் கலப்பினம் தருவதால், லூட்டியாவை நூசிஃபெராவின் துணைச் சிற்றினமாகக் கருதுவோரும் உண்டு.