நொய்யலில் எதை அளப்பது?

எங்கள் வீட்டில் தண்ணீரின் தரத்தை அம்மா துவரம்பருப்பைக் கொண்டுதான் அறிந்தார். நொய்யலை ஒட்டிய தோட்டத்துக் கிணற்று நீரில் எவ்வளவு நேரம் கொதித்தாலும் பருப்பு மலராமல் கிடக்கத் தொடங்கியபோது, "சப்பைத் தண்ணி ஆயிப்போச்சு" என்று சொல்லிவிட்டு, குடத்தை எடுத்துக்கொண்டு ஊர்க்குழாய்க்கு நடந்தார். அந்தச் சோதனைக்கு நான் பின்னாளில் வாங்கிய கருவி எதுவும் பெரிதாக எதையும் கூட்டிவிடவில்லை. எண் ஒன்றைக் கொடுத்தது, அவ்வளவுதான்.

வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோவையையும் திருப்பூரையும் கடந்து, கரூர் மாவட்டத்தில் காவிரியோடு சேரும் நொய்யலை மாசுபட்ட ஆறு என்று எல்லோரும் சொல்கிறார்கள். எந்த மாசு என்று கேட்பவர்கள் குறைவு. நம் நாட்டில் ஓர் ஆற்றின் பகுதி மாசுபட்டதா என்பதை மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் பிஓடி என்ற அளவைக் கொண்டு தீர்மானிக்கிறது. நீரிலுள்ள அழுகும் பொருளைச் சிதைக்க நுண்ணுயிர்கள் எவ்வளவு ஆக்சிஜனை உட்கொள்கின்றன என்பதே அது. மாதிரியை 27 டிகிரி வெப்பத்தில் 3 நாள் வைத்திருந்து கணக்கிடுவார்கள். லிட்டருக்கு 3 மில்லிகிராமைத் தாண்டினால் அந்தப் பகுதி மாசுபட்ட ஆற்றுப்பகுதிகளின் பட்டியலில் சேரும். சாக்கடை கலப்பதைக் கண்டுபிடிக்க இது பொருத்தமான அளவுதான். ஆனால் உப்பை எந்த நுண்ணுயிரும் தின்பதில்லை. ஆகவே பிஓடியின் கண்ணுக்கு உப்பு தெரிவதே இல்லை. நொய்யலை நம்பியிருந்த விவசாயியை அழித்தது திருப்பூர்ச் சாயப்பட்டறைகளிலிருந்து வந்த அந்த உப்புதான்.

பருத்தியில் சாயம் ஏறுவதற்கு உப்பு ஏன் வேண்டும் என்பதைச் சாயப்பட்டறையில் ஒரு வாரம் நின்றவர்கூடச் சொல்லிவிடுவார். நீரில் நனைந்த பருத்தி நூலிலும் எதிர்மின்னூட்டம், சாயத்திலும் எதிர்மின்னூட்டம். இரண்டும் ஒன்றையொன்று தள்ளும். அந்தத் தள்ளலைத் தணித்துச் சாயத்தை நூலோடு சேர்த்துவைப்பது உப்பு. அடர்ந்த நிறங்களுக்கு லிட்டருக்கு 50 கிராமுக்கு மேலும் போடுவார்கள். கடல்நீரிலேயே சுமார் 35 கிராம்தான் இருக்கிறது. சாயத்தின் பெரும்பகுதி நூலோடு போய்விடும், உப்பு அப்படியே மீதிச் சாயத்தோடு கழிவுநீரில் வெளியேறும். தொடக்ககாலப் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் சுண்ணாம்பும் ஃபெரஸ் சல்பேட்டும் கலந்து நிறத்தைப் பிரித்தன. வெளியே வந்த நீர் தெளிவாக இருந்தது, உப்பு மட்டும் குறையவில்லை. நிறம் போனால் மாசும் போனது என்று கண் நம்பிவிடுகிறது. நானும் அப்படி நம்பியவன்தான்.

பாசனத்துக்காகக் கட்டப்பட்டு 1992இல் திறக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை, சில ஆண்டுகளிலேயே சாயக்கழிவின் தேக்கமாக மாறியது. ஆயக்கட்டு விவசாயிகள் தங்களுக்கென்று கட்டிய அணையின் தண்ணீரையே வேண்டாம் என்று வழக்காட நேர்ந்ததைவிடக் கசப்பான செய்தி கொங்கு நாட்டு வேளாண்மையில் எனக்குத் தெரிந்து வேறில்லை. சென்னை உயர் நீதிமன்றம் 2006இல் தீர்ப்பளித்தது, 2009இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது, அப்போதும் கழிவு நிற்காததால் 2011 ஜனவரியில் திருப்பூர்ச் சாயப்பட்டறைகள் அனைத்தையும் மூட உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. அதன் பிறகே ஆர்.ஓ. சவ்வுகளும் ஆவியாக்கிகளும் கொண்டு, ஒரு சொட்டும் வெளியேறாமல் நீரையும் உப்பையும் மீட்டெடுக்கும் முறை பரவலாகக் காலூன்றியது.

ஆறு ஒரு மழையில் தன்னைக் கழுவிக்கொள்ளும். மண்ணுக்கும் கிணற்றுக்கும் அந்த வசதி கிடையாது. சோடியம் களிமண்ணிலுள்ள கால்சியத்தை வெளியேற்றிவிட்டு அந்த இடத்தில் உட்கார்ந்துகொள்ள, மண் இறுகி நீரை உள்ளே விடாமல் போகிறது; வெளியேறிய கால்சியம் நிலத்தடி நீரில் இறங்கிக் கடினத்தன்மையைக் கூட்டுகிறது. அம்மாவின் பருப்பு வேகாததற்குக் காரணம் இதுதான் என்பது பல ஆண்டுகள் கழித்தே எனக்கு விளங்கியது.

ஆகவே நான் மாதம் ஒருமுறை அளப்பது மின்கடத்துதிறனைத்தான்; நீரில் கரைந்த உப்பு கூடக்கூட அது மின்சாரத்தை எளிதாகக் கடத்தும். கடைகளில் டிடிஎஸ் மீட்டர் என்று விற்கப்படும் பேனா போன்ற கருவியும் உண்மையில் அளப்பது அதையே. கிடைத்த எண்ணை ஒரு காரணியால் பெருக்கி டிடிஎஸ், அதாவது நீரில் கரைந்துள்ள மொத்தப் பொருள்களின் அளவு, என்று காட்டுகிறது. வாரியத்தின் வகைப்பாட்டில் பாசன நீருக்கு மின்கடத்துதிறன் சென்டிமீட்டருக்கு 2,250 மைக்ரோசீமென்ஸைத் தாண்டக் கூடாது என்று வரம்பு இருக்கிறது, குளிக்கும் நீருக்கான வரம்புகளில் உப்பைப் பற்றிப் பேச்சே இல்லை. கருவியை நம்புவதிலும் ஒரு பாடம் கற்றேன். 1,413 காட்ட வேண்டிய பொட்டாசியம் குளோரைடு கரைசலில் என் மீட்டர் ஒருநாள் 1,290 காட்டியது. அதற்கு முந்தைய நான்கு மாத எண்களைப் பென்சிலால் அடித்துவிட்டு, அன்றுமுதல் ஒவ்வொரு முறையும் கரைசலில் முக்கிப் பார்த்த பிறகே கிணற்றுக்குப் போகிறேன்.

குறிப்பேட்டில் எண்ணோடு நேரத்தையும், கடைசியாக மழை பெய்த நாளையும், மோட்டார் எவ்வளவு நேரம் ஓடியபின் நீர் பிடித்தேன் என்பதையும் எழுதுகிறேன். குழாயில் தேங்கிய நீரும் ஊற்றிலிருந்து வரும் நீரும் ஒன்றல்ல என்பதால், பத்து நிமிடம் ஓடவிட்டு, பாட்டிலை அதே நீரில் மூன்றுமுறை அலசிய பின்புதான் பிடிப்பது. சித்திரையில் எண் ஏறுகிறது, ஐப்பசி மழைக்குப் பின் இறங்குகிறது, ஆனால் இறங்கும் அளவு ஆண்டுக்கு ஆண்டு ஒன்றுபோல இல்லை. பக்கத்துத் தோட்டத்து அண்ணன் சென்ற மாதம் தன் ஆழ்குழாய் நீரையும் ஒரு பாட்டிலில் கொண்டுவந்து கொடுத்தார். அவருக்கும் ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கிறேன்.